கூடு இறக்கும் நாளில் ட்ரீனா

ட்ரீனாவை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு பெட்ரோல் பங்கின் வாசலில். ஜனவரி மாதம், சாயங்காலமே இருட்டிவிட்டிருந்தது. ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து வந்த வேன் என்னையும் என் பெட்டிகளையும் அந்த மீன்பிடி ஊரில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சிங்கி இறால் கம்பெனியில் ஆய்வகத்து வேலை. தங்குவதற்கு நிக்கர்சன் என்பவர் வீட்டு மாடி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்த பிக்கப் ஒன்று வந்து நின்றது. உப்பில் ஊறிய மத்தி நாற்றம் முதலில் இறங்கியது. பிறகுதான் ட்ரீனா இறங்கினார்.

"நீதானா அந்தப் படிச்ச புள்ள?"

"ஆமாங்க. மீன்வள அறிவியல்ல பட்டம் வாங்கியிருக்கேன்," என்றேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

"நல்லது. கையுறை வாங்கினியா?"

வாங்கவில்லை. அவர் வண்டிக்குள் துழாவி, புருஷனுடைய கம்பளிக் கையுறைகளை எடுத்து என் மேல் எறிந்தார். "மாட்டிக்க. விரல் உதிர்ந்துபோனா பட்டத்தை எதால புடிப்ப?"

அன்றிலிருந்து அந்த வீட்டு மாடியில் இருந்தேன். இளம்பரிதி என்ற என் பெயர் முதல் வாரத்திலேயே 'பெரி' ஆனது. கீழே ட்ரீனாவும் அவர் கணவர் லைல் நிக்கர்சனும். லைல், ஜெரால்டு என்ற கேப்டனின் படகில் பங்குக்குப் போகிறவர். அதிகம் பேச மாட்டார். ட்ரீனா நான் வேலை செய்த கம்பெனியிலேயே இறால்களின் கொடுக்குகளுக்கு ரப்பர் வளையம் போடும் வரிசையில் நின்றார். இருவருக்கும் குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, ஊர்தான் சொன்னது. இரண்டு முறையும் லைல் கடலில் இருந்தார் என்பதையும் ஊரே சொன்னது.

நான் போன நாலாம் வருடம், தன் நாற்பதாவது வயதில், ட்ரீனா மறுபடி உண்டானார். இந்த முறை மூன்று மாதம் தாண்டியது. ஆறு தாண்டியது. அதற்குப் பிறகுதான் வெளியே சொன்னார். சொல்லும்போதே கொட்டாவி விட்டார்.

அந்த வயதில் பிள்ளை சுமப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலையில் எழும்போதே களைத்துப் போயிருப்பார். வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து, எழ வேண்டும் என்று நினைத்தபடியே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். நெஞ்செரிச்சல் தூங்க விடாது. முதுகுவலி உட்கார விடாது. கணுக்கால்கள் வீங்கி, லைலுடைய பூட்ஸ் மட்டும்தான் நுழையும். குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் பாதிக்கு மேல் கயிற்றுச் சுருள்களும் வண்ணம் காய்ந்துகொண்டிருக்கும் மிதவைகளும் கிடந்தன. அந்த இலையுதிர் காலம் முழுவதும், "அதையெல்லாம் எடுத்துட்டுத் தொட்டிலைப் போடணும்," என்பார். எடுக்கத்தான் தெம்பு இருக்காது.

டாக்டர் டிசம்பர் நடுவில் தேதி கொடுத்திருந்தார். ட்ரீனாவுக்கு அது நிம்மதி. காரணம் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். அங்கே நவம்பர் கடைசித் திங்கள்கிழமை சிங்கி இறால் சீசன் திறக்கும். அன்று விடிகாலையில் எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பி, இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்கும். முதலில் போய் இறக்குகிறவனுக்கு நல்ல இடம். கல்யாணம், கண் ஆபரேஷன், கூரைக்குத் தகடு மாற்றுவது எதற்கும் அவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், 'கூடு இறக்குவதற்கு முன்' அல்லது 'பின்' என்றுதான் சொல்வார்கள். மற்ற நாட்களில் படகில் ஓர் ஆள் குறைந்தால் சமாளிக்கலாம். அன்று முடியாது. அன்று வராதவனுக்கு அந்த வருடம் படகில் இடமில்லை.

"பிள்ளை கூடு இறக்கினதுக்கு அப்புறம்," என்று ட்ரீனா எல்லோரிடமும் சொன்னார். குழந்தைக்கும் இந்த ஏற்பாடு தெரியும் என்பது போலத்தான் சொல்வார்.

அக்டோபரில் பிரசவ வகுப்பு தொடங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம், தீயணைப்பு நிலையத்து ஹாலில். வயிறு ஸ்டியரிங்கில் இடித்ததால் ட்ரீனாவால் வண்டி ஓட்ட முடியவில்லை. லைல் கூடுகளுக்கு வலை கட்டிவிட்டு வரும்போது வகுப்பே முடிந்திருக்கும். அதனால் நான் ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாகத்தான் ஏற்பாடு. எங்கள் ஊரில் பிரசவம் என்றால் ஆம்பளைகள் தெருமுனை வரை தள்ளிப்போய் நிற்பார்கள். ஆனால் பாடம் நடத்த வந்த நர்ஸ் பெர்னடெட் முதல் நாளே கண்ணாடியைத் தட்டினார்.

"இவங்களோட துணை நீங்கதானே? உள்ள வாங்க."

"நான் மாடியில குடியிருக்கறவன்."

"யாரா இருந்தா என்ன, கை இருக்குல்ல? வந்து முதுகைத் தேய்ங்க."

உள்ளே ஐந்து கர்ப்பிணிகள். அம்மாவோடு வந்தவர், தங்கையோடு வந்தவர், அண்டை வீட்டுக்காரியோடு வந்தவர். ஊர் ஆண்கள் எல்லோரும் துறையில் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் மீசை எனக்கு மட்டும்தான்.

பெர்னடெட் நகரத்திலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். இரண்டாம் வாரம் ஆளுக்கொரு ஐஸ் கட்டியைக் கையில் கொடுத்தார். "ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடிங்க. வலிக்கும். அந்த வலியை மூச்சால எப்படித் தாண்டறதுன்னு பார்ப்போம்."

ஐந்து பெண்களும் ஐஸைப் பிடித்துக்கொண்டு, யாருடைய தொட்டில் யாருக்குக் கை மாறியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் உருகி விரலிடுக்கில் வழிந்தது.

"என்ன, ஆரம்பிச்சாச்சா?" என்றார் ட்ரீனா.

"நிமிஷமே முடிஞ்சிருச்சு. உங்களுக்கு வலிக்கலையா?"

"எதுக்கு வலிக்கணும்?"

ஐந்து பேருமே இறால் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கை விட்டு நிற்பவர்கள். அந்த ஹாலில் ஐஸைத் தாங்க முடியாமல் 'ஸ்ஸ்' என்று கீழே போட்டது நான் மட்டும்தான்.

"பாவம், பெரிக்குத்தான் முதல்ல வலி வந்துருச்சு," என்றாள் மூலையில் இருந்தவள்.

"மூச்சு விடு பெரி, மூச்சு விடு. தலை தெரியுதான்னு யாராவது பாருங்கடி!" என்றாள் இன்னொருத்தி.

ஹால் முழுக்கச் சிரிப்பு. பெர்னடெட்டும் சிரித்துவிட்டு, ஐஸ் பெட்டியை மூடி வைத்தார். அடுத்து கண்ணை மூடி உடம்பைத் தளர விடும் பயிற்சி. அது மட்டும் ட்ரீனாவுக்கு முதல் முறையே கைவந்தது. பெர்னடெட் 'கால் விரல்களைத் தளர விடுங்க' என்று தொடங்கி முழங்காலுக்கு வருவதற்குள் குறட்டை விட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒரு நாள், மழையில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, அவராகவே சொன்னார்.

"எனக்கு வேற எதுவும் வேணாம் தம்பி. தொட்டில் இல்லன்னா அலமாரி டிராயர்ல போட்டு வளர்த்துக்கறேன். அந்த ரூமுல லைல் இருக்கணும். அவ்வளவுதான். முன்ன ரெண்டு தடவையும் அந்த ஆஸ்பத்திரியில தனியாதான் படுத்துக் கிடந்தேன். மறுபடி அப்படிக் கிடக்க எனக்குத் தெம்பு இல்ல."

"டிசம்பர்ல தானே. இருப்பாருங்க," என்றேன்.

"இருப்பான். கூடு இறக்கியாச்சுன்னா ஒரு நாள் லீவு விடச் சொல்லி கேப்டன்கிட்ட கேட்டு வெச்சிருக்கான்." அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். வீட்டு வாசலில் நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

நவம்பர் கடைசி வாரம் வந்தது. வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் இரண்டு பைகள் நின்றன. இரண்டும் கூட்டுறவுக் கடையில் தள்ளுபடியில் வாங்கிய ஒரே மாதிரியான பச்சைப் பைகள். ஒன்று லைலுக்குப் படகில் மாற்றிக்கொள்ள. மற்றது ஆஸ்பத்திரிக்கு. அந்த வாரம் அந்த ஊரில் எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பை நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன்கள் எல்லோரும் போனில் கூடிப் பேசி, திங்கள்கிழமை காற்று அதிகம், போகவில்லை என்று முடிவு செய்தார்கள். செவ்வாயும் போகவில்லை. புதனன்று போகலாம் என்றார்கள். ட்ரீனா விடிவதற்கு முன்னால் எழுந்து லைலுக்கு மீன் வடையும் பீன்ஸும் சூடு பண்ணி, தெர்மாஸில் தேநீர் ஊற்றி, பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, இன்றும் இல்லை என்று போன் வந்தது. அவர் பூட்ஸோடு படுக்கையில் விழுந்தார். கூடுகளை ஏற்றிய படகுகள் துறையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. லைல் வீட்டுக்குள் நடந்தார், வெளியே போய் வானத்தைப் பார்த்தார், மறுபடி நடந்தார்.

"உக்காரு லைல். நீ நடந்தா காத்து நிக்குமா? எனக்குத்தான் தலை சுத்துது."

"வயிறு இறங்கின மாதிரி இருக்கே உனக்கு?"

"உனக்கு ரொம்பத் தெரியும். வகுப்புக்குப் போனது நீயா, பெரியா?"

வியாழக்கிழமை காற்று நின்றது.

விடியலுக்கு முன் துறை முழுவதும் வண்டிகளின் விளக்கு வெளிச்சம். படகில் போகிறவர்களுடைய பெண்டாட்டி, பிள்ளை, அக்கா, தங்கை என்று ஊரே நின்றது. அன்று வழியனுப்ப வராமல் வீட்டில் படுத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை. நான் எவ்வளவோ சொல்லியும் ட்ரீனா கேட்கவில்லை. போதகர் ஒலிபெருக்கியில் ஜெபித்து முடித்தார். லைல் பச்சைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ட்ரீனாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் படகில் குதித்தார். கேப்டன் ஜெரால்டு இயந்திரத்தை முடுக்கினார்.

அப்போது ட்ரீனா என் கையைப் பிடித்தார். ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இல்லை. எலும்பு நொறுங்குகிற பிடி.

"பெரி. பனிக்குடம் உடைஞ்சிருச்சுன்னு நினைக்கறேன்."

குனிந்து பார்த்தேன். பூட்ஸைச் சுற்றிப் பலகை நனைந்திருந்தது. படகின் கடைசிக் கயிற்றை அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"கத்தாத!"

"ஒரு சத்தம் போட்டா இறங்கிடுவாருங்க. இல்ல போன்லயாவது..."

"அதனாலதான் சொல்றேன், கத்தாத. போனை உள்ள வை."

கூடு இறக்கக் கிளம்பிய படகைக் கூப்பிடக் கூடாது. அது அந்த ஊரின் நம்பிக்கை. கூப்பிட்டுத் திரும்பிய படகில் அந்த சீசனில் ஏதாவது நடந்தே தீரும் என்பார்கள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். அதைச் சொல்லவும் செய்தேன்.

"நானும் நம்பலப்பா," என்றார் ட்ரீனா, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா அந்தப் போட்டுல லைல் மட்டும் இல்ல. இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஏப்ரல்ல ஒருத்தன் கால் வழுக்கி விழுந்தாக்கூட, அந்த ட்ரீனா பிள்ளை பொறந்த அன்னைக்குத்தான் போட்டைத் திருப்பினாங்கன்னு சொல்லுவாங்க. என் பிள்ளை அதைக் கேட்டுக்கிட்டு இந்த ஊர்ல வளரணுமா?"

லைல் கையாட்டினார். ட்ரீனாவும் கையாட்டினார், சிரித்தபடி. படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, விளக்கு மட்டும் தெரிந்து, அதுவும் மற்ற விளக்குகளோடு கலந்த பிறகுதான் சிரிப்பை இறக்கினார்.

பக்கத்தில் நின்றிருந்த கேப்டனின் மனைவி ஆர்லீன் நனைந்த பலகையைப் பார்த்தார். ட்ரீனாவைப் பார்த்தார். அவரும் போனை எடுக்கவில்லை. தன் கழுத்துத் துணியைக் கழற்றி ட்ரீனாவின் தோளில் சுற்றிவிட்டு, "பார்த்து ஓட்டு பெரி, வழியில மான் குறுக்க வரும்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, கதவுக்குப் பின்னால் நின்ற மற்றப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தொலைவு. ட்ரீனா என் காரின் பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வலி வரும்போது வகுப்பில் சொன்னபடி மூச்சு விட்டார். வலி விட்டதும் அந்தச் சின்ன இடைவெளியில் தூங்கினார். மறுபடி வலி எழுப்பியது.

"மதியம் மிச்சக் கூட்டை ஏத்த வருவாங்கல்ல? அப்ப அவர்..." என்றேன்.

"வருவான். ஏத்துவான். மறுபடி போவான். இன்னைக்கு அவன் எனக்குச் சொந்தம் இல்ல தம்பி. ரோட்டைப் பாரு."

வார்டில் ஒரு நர்ஸ் பையை வாங்கி மேசை மேல் வைத்துத் திறந்தார். உள்ளேயிருந்து ரப்பர் கையுறை, முரட்டுக் கம்பளிக் காலுறைகள், ஒரு கத்தி, வெல்லப்பாகு பிஸ்கட் பொட்டலம் எல்லாம் வந்தன. மத்தி வாடை அறை முழுக்கப் பரவியது. நர்ஸ் கத்தியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இது எதுக்கும்மா? நாங்களே வெச்சிருக்கோமே," என்றார்.

ட்ரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பினூடே வலி வந்தது. "அடப்பாவி. பிள்ளைச் சட்டையெல்லாம் தூக்கிக்கிட்டுக் கடலுக்குப் போயிட்டான்."

கால் சில்லிட்டதால் லைலின் காலுறைகளைப் போட்டுவிடச் சொன்னார். முழங்கால் வரை வந்தன.

"நீங்கதான் அப்பாவா?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார்.

"மாடியில குடியிருக்கறவன்," என்றேன் மறுபடியும்.

"இருக்கட்டும். மூச்சு விடறது அவனுக்குத் தெரியும்," என்றார் ட்ரீனா.

காலையும் மதியமும் அப்படியே போயின. வகுப்பில் சொல்லித் தந்தபடி, நர்ஸ் கொடுத்த டென்னிஸ் பந்தை முதுகில் உருட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலி விட்டிருந்த நேரம்தான். ஆனாலும் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"வலிக்குதாங்க?"

"வலி இல்ல பெரி. களைப்பு. பத்து வருஷக் களைப்பு. மறுபடி தனியாத்தான் படுத்துக் கிடக்கறேன், பாத்தியா? உன்னைக் குறை சொல்லல. நீ நல்ல புள்ள."

நான் பந்தை எடுத்து மறுபடி அவர் முதுகில் உருட்டினேன்.

துறையில் அன்று மதியம் நடந்ததைப் பிறகு பலர் வாயால் கேட்டேன். ஜெரால்டின் படகு மிச்சக் கூடுகளை ஏற்றத் திரும்பியபோது, ஆர்லீன் ரப்பர் சட்டையும் ரப்பர் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு கரையில் நின்றிருக்கிறார். படகு தானாகக் கரைக்கு வந்திருந்தது, யாரும் கூப்பிடவில்லை.

"லைல், இறங்கு. உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா. உன் இடத்துல நான் வர்றேன்."

கேப்டன் மறித்திருக்கிறார். "நீ போட்டுல ஏறி எத்தனை வருஷம் ஆச்சு? உனக்கு முதுகு வலி இருக்கு."

"எனக்கு முதுகுல வலி. அவளுக்கு இடுப்புல வலி. எது பெருசுன்னு நீயே சொல்லு. சொல்லிட்டு நகரு."

கேப்டன் நகர்ந்திருக்கிறார். லைல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். காலையில் கம்பளிக் காலுறை எடுக்கப் பையைத் திறந்து, கைக்குள் அடங்கும் ஒரு சட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து அவர் யாரோடும் பேசவில்லையாம்.

அவர் வார்டுக்கு வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உடம்பெல்லாம் உப்பும் செதிலும். நர்ஸ் வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு வரச் சொன்னார். குளித்து, ஆஸ்பத்திரி அங்கியில் வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். கதவு மூடுவதற்கு முன், "எப்படி வந்த?" என்று ட்ரீனா கேட்டதும், "ஆர்லீன்," என்று அவர் ஒரே வார்த்தையில் சொன்னதும் காதில் விழுந்தன.

அதற்குப் பிறகு உள்ளே நடந்தது ட்ரீனா சொல்லித்தான் தெரியும். காற்றுக்காகக் காத்திருந்த நாட்களில் லைல் சரியாகத் தூங்கவே இல்லை. உட்கார்ந்து ட்ரீனாவின் கையைப் பிடித்தார். அறை கதகதப்பாக இருந்தது. கடைசி வலிகளுக்குக் கொஞ்சம் முன்னால் தலை தொங்கிவிட்டது.

"எழுப்பவா?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

"வேணாம், தூங்கட்டும். கையை மட்டும் விடாம பாத்துக்கங்க."

கையை அவர் விடவில்லை. தூக்கத்திலும் கயிற்றைப் பிடிக்கிற பிடி. குழந்தை வீறிட்ட சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, "எல்லாம் இறக்கியாச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் இறக்கிட்டேன்டா. நீ தூங்கு," என்றிருக்கிறார் ட்ரீனா.

பெண் குழந்தை. நான் உள்ளே போய்ப் பார்த்தபோது மூவருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நான்தான் அந்த அறையிலிருந்து கயிறுகளையும் மிதவைகளையும் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போட்டு, தொட்டிலைப் பூட்டிக் கொடுத்தேன். ஆர்லீனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, கிறிஸ்துமஸ் வரை அவர் எழுந்து நடமாடவில்லை. ட்ரீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கட்டிலில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே சாய்ந்து தூங்கிவிடுவாராம்.

குழந்தைக்கு ஜோனா ஆர்லீன் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு இப்போது நான்கு வயது. லைல் அதே படகில்தான் போகிறார். ட்ரீனா இறால் கம்பெனியை விட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் வேறு ஊருக்கு வேலை மாறி வந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம். எப்படி இருக்கீங்க என்று கேட்டால், களைப்பாக இருக்கிறது என்கிறார்.